டிண்டேல் பிஸ்கோ ஐயர்

மாலை நான்கு மணிக்குமேல் நம் கலாசாலைப் பந்தாட்டவெளியில் நின்று நோக்குவார்க்குப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களிலிருந்து வந்த மாணாக்கரை இனங்கண்டுகொள்ளுதல் அரிதன்று. கரிசல் வெடிப்பிலும், நீர் வற்றிய ஏரிகளின் உட்பரப்பிலும், சுண்ணாம்புக்கல் லாரிகள் செல்லும் பாதையோரங்களிலும் வெறுங்காலுடன் பந்துதைத்துப் பழகியவர்கள் அவர்கள். பந்து எப்பக்கம் துள்ளுமென்று அறியவொண்ணாத தரையில் ஆடிப் பழகினமையால், எத்தரையிலும் அதனை அடக்கும் வன்மை அவர்களுக்குண்டு. சென்ற ஆண்டு அப்பக்கத்தினின்று வந்து சேர்ந்த ஒருவர் இவ்வன்மையில் மற்றெல்லாரையும் விஞ்சியவர் என்று அவருடைய ஊர்த் தோழர் நம்மிடம் கூறினர். ஆனால் அவர் ஆட்டத்திற் சேர மறுத்துவிட்டார். பலமுறை வினவியபின் காரணத்தைத் தலைகுனிந்தபடி சொன்னார். அவர் பயின்ற பள்ளியில் பந்தாட்டம் பயிற்றியவர் பந்தைத் தவறவிட்டவனைக் கன்னத்தில் அறைவாராம். தோற்ற பக்கத்தார் வெயிலில் பத்துச் சுற்று ஓடி முடிக்கும்வரை தண்ணீர்ப் பானையருகே செல்லலாகாதாம். இவருக்கு அவர் இட்ட ஓர் இழிபெயரைப் பள்ளி முழுதும் மூன்றாண்டு சொல்லிச் சிரித்ததாம். பந்தின்மேல் வெறுப்பில்லை, ஊதலின் ஓசை கேட்டால்தான் வயிறு கலங்குகின்றது என்றார்.

அருகிலிருந்த முதியவர் ஒருவர், நம் கலாசாலையின் பழைய மாணாக்கர், அடியாத மாடு படியாது என்னும் பழமொழியை எடுத்துக்காட்டி, தாமும் அவ்வாறே பயின்றதாகவும், அடித்த கையே தம்மை ஆளாக்கிற்றென்றும் சொன்னார். இருவரும் தத்தம் அனுபவத்தையே கூறினர்; ஒருவரையேனும் பொய்யர் என்று சொல்ல நமக்கு மனமில்லை. அன்றிரவு, கால்பந்தைக் கழிகொண்டு கற்பித்த ஒருவருடைய சரித்திரம் நம் நினைவுக்கு வந்தது. அவர் சிறுவயதில் தாமே பெரிய பையன்களின் கொடுமைக்கு ஆளானவர். வலியோர் மெலியோரை வருத்துவதைத் தம் வாழ்நாள் முழுதும் வெறுத்தவர். அத்தகையவர் கழியை எடுத்தது ஏன், எடுத்ததனால் விளைந்தது யாது என்பவற்றை நம் மாணாக்கரும் உபாத்தியாயரும் அறிந்திருத்தல் நலமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

ஸெஸில் ஏர்ல் டிண்டேல் பிஸ்கோ 1863-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ந் தேதி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சீமையைச் சேர்ந்த ஹோல்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில்தான் லண்டன் நகரில் சில கழகத்தார் கூடிக் கால்பந்துச் சங்கத்தை நிறுவி, ஆட்டத்திற்கு விதிகளை வகுக்கத் தொடங்கினர். ஆகவே இவரும், இன்று உலகெங்கும் ஆடப்படும் கால்பந்தும் ஏறக்குறைய ஒத்த வயதினர் எனலாம்.

அக்காலத்து ஆங்கிலச் செல்வர்தம் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளில் விளையாட்டுக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டிருந்தது. ரக்பிப் பள்ளியின் தலைவர் தாமஸ் ஆர்னால்டு மாணாக்கரின் ஒழுக்கத்தையே முதலாகக் கொண்டு அப்பள்ளியைத் திருத்தினார். அவருடைய மாணாக்கராகிய தாமஸ் ஹியூஸ் 1857-ல் வெளியிட்ட கதைநூல், பந்தாட்டத்தால் ஆண்மையும் ஒழுக்கமும் வளரும் என்னும் எண்ணத்தை ஆங்கிலம் வழங்கும் இடமெல்லாம் பரப்பிற்று. அந்நூலிலேயே சிறுவரை நெருப்பருகே பிடித்து வாட்டும் கொடியனொருவனும் வருகின்றான் என்பதை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். உண்மை அப்படித்தான் இருந்தது. ஒரே கூரையின்கீழ் ஆண்மைப் பயிற்சியும் கொடுமையும் சேர்ந்து வளர்ந்தன. எது எங்கே முடிகின்றது, எது எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிவதற்கு உபாத்தியாயர்கள் அத்துணை முயலவில்லை.

பிராட்பீல்டு கலாசாலைக்கு அனுப்பப்பட்ட பிஸ்கோ உருவிற் சிறியவர். சிறியவராதலின் பெரியவர்களுடைய கைக்கு எளிதில் அகப்பட்டார். அங்கே பட்ட துன்பத்தை அவர் முதுமையிலும் மறந்தாரில்லை. ஆனால் அச்சிறுமையே அவருக்கு ஓர் இடத்தையும் தேடித் தந்தது. எண்மர் துடுப்பு வலிக்கும் பந்தயப் படகில் சுக்கான் பிடித்து வழிகாட்டுபவர் எடை குறைந்தவராயிருத்தல் வேண்டும். துடுப்பு வலிப்பார் எண்மரும் பின்னோக்கி அமர்ந்திருப்பர். செல்லும் திசையைக் காண்பவர் சுக்கான் பிடிப்பவர் ஒருவரே. அவர் சொல்லுக்கு எட்டு மல்லரும் அடங்கி நடத்தல் வேண்டும். கேம்பிரிட்ஜில் ஜீஸஸ் கலாசாலையில் பயின்றபோது இவர் அத்தொழிலில் தேர்ச்சி பெற்று, 1884-ம் ஆண்டு தேம்ஸ் நதியில் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடந்த படகுப் பந்தயத்தில் கேம்பிரிட்ஜ்ப் படகைச் செலுத்தி வெற்றி பெற்றார். சிறிய மனிதர் ஒருவர் பெரிய மனிதர் பலரைக் குரலொன்றினாலேயே நடத்தலாம் என்பதை அவர் கற்றது அப்படகில்தான் என்று நமக்குத் தோன்றுகின்றது. பின்னாளில் அவர் செய்த நன்மைக்கும் பிழைக்கும் அங்கேயே வித்து இருந்தது.

1887-ல் குருப்பட்டம் பெற்று, லண்டனின் கீழ்ப்பாகத்தில் ஏழைகள் நிறைந்த ஒயிட்சாப்பலில் சில காலம் ஊழியம் செய்தபின், சர்ச்சு மிஷன் சங்கத்தாரால் காஷ்மீரத்துக்கு அனுப்பப்பட்டு, 1890-ம் ஆண்டின் இறுதியில் ஸ்ரீநகர் சேர்ந்தார். அங்கே ஹிண்டன் நோல்ஸ் ஐயர் நடத்திவந்த மிஷன் பள்ளி, ஜீலம் நதியின் மூன்றாம் பாலமாகிய ஃபதே கதல் அருகே இருந்தது. சுமார் 200 மாணாக்கர் பயின்றனர். அவருட் பெரும்பாலார் பண்டிதர் எனப்படும் காஷ்மீரப் பிராமணர். தாடி வளர்ந்தவரும் மணமானவரும் அவருள் இருந்தனர். எல்லாரும் முழங்காலுக்குக் கீழ்த் தொங்கும் நீண்ட அங்கி அணிந்து, அதனுள்ளே காங்கிரி என்னும் கனற்சட்டியை வயிற்றோடணைத்து வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தனர். அறையின் நாற்றம் தம்மால் தாங்கவொண்ணாததாயிருந்ததென்றும், அசைவற்ற மூட்டைகளைக் கண்டாற்போலிருந்ததென்றும் பிஸ்கோ ஐயர் பிற்காலத்தில் எழுதினார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அம்மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றுட் பல, நாம் படிக்குங்கால் முகஞ்சுளிக்க வைக்கின்றன. ராஜதரங்கிணி இயற்றிய கல்ஹணரும், அபிநவகுப்தரும் தோன்றிய குலத்தாரை, ஒரு குளிர்கால நாளில் ஓர் அடைத்த அறையிற் கண்ட மாத்திரத்தில் மூட்டைகள் என்று முடிவுகட்டுதல் நியாயமன்று. பனிக்காலத்தில் கனற்சட்டியின்றி அவ்வூரில் ஏழை எவ்வாறு உயிர் வாழ்வான்? அவர்களுடைய நாணம், அச்சம், பழைய ஆட்சிகளின்கீழ் அவர்கள் முன்னோர் பட்ட பாடு ஆகியவற்றை அறிந்துகொள்ளச் சென்றவர்க்குப் பொறுமை போதவில்லை. எனினும், தேகப்பிரயாசையெல்லாம் கூலியாளுக்குரியது, படகு வலித்தல் படகோட்டிச் சாதிக்குரியது, கல்வியின் பயன் சர்க்கார் உத்தியோகம் என்று அம்மாணாக்கர் எண்ணியிருந்தனர் என்பது மெய்யே. அவ்வெண்ணம் காஷ்மீரத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதை நம் நாட்டார் நன்கறிவர்.

1891-ம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பிஸ்கோ ஐயர் தம் மனைவி பிளான்ச் அம்மையாருடன் ஸ்ரீநகர் திரும்புகையில், பம்பாயிலிருந்து தோற்பந்தொன்றைக் கொணர்ந்தார். அதனைக் கண்ட மாணாக்கர் மகிழ்வர் என்று அவர் எண்ணியிருந்தார். அவர்களோ அஃது எதற்கு என்று கேட்டனர், ஆடுதற்கு என்றார். ஆடினால் பணம் கிடைக்குமா என்றனர், கிடையாது என்றார். எதனாற் செய்தது என்றனர், தோலினால் என்றார். அவ்வளவில் எல்லாரும் விலகி, தீட்டுடைய அப்பொருளை அப்பாற் கொண்டுபோகும்படி வேண்டினர். உயிர்நீத்த விலங்கின் தோலைத் தீண்டுதல் பிராமணர்க்குத் தகாது என்பது அவர்கள் கொள்கை.

அவர் மறுமொழி சொல்லவில்லை. கரும்பலகையில் ஆட்டக்களத்தை வரைந்து, இன்னார் இன்ன இடத்தில் நிற்க வேண்டும், பந்தை இன்ன கம்பங்களுக்கிடையே செலுத்தவேண்டும் என்று விளக்கினார். மாலையில் ஆட்டம் நடைபெறும் என்று அறிவித்தார். மாணாக்கர் நழுவிவிடுவர் என்பதை ஊகித்து, உபாத்தியாயர்களின் கையில் கழிகளைக் கொடுத்து, பள்ளியிலிருந்து வெளிக்குச் செல்லும் வழியெங்கும் அவர்களை நிறுத்தினார். பள்ளி விட்டதும் மாணாக்கர் ஆட்டுமந்தையைப் போலத் தெருவழியே ஓட்டிச் செல்லப்பட்டனர். மரப்பாதுகை அணிந்து, நீண்ட அங்கியுள் கனற்சட்டியைத் தழுவிக்கொண்டு அவர்கள் மெல்ல மெல்ல நடந்த அக்காட்சியைக் காண நகரத்தார் திரண்டனர். பிராமணப் பிள்ளைகள் தோற்பந்தை உதைக்கப் போகின்றனர் என்னும் செய்தி அதற்குள் எங்கும் பரவியிருந்தது.

களத்தில் இரு பக்கமும் ஆட்களை நிறுத்தி, நடுவிற் பந்தை வைத்து ஊதலை ஊதினார். ஒருவரும் அசையவில்லை. மீண்டும் ஊதினார், அசையவில்லை. சுற்றியிருந்தோர் தமக்கு நேரும் அவமானத்தை நினைந்து கலங்கினர். அதைவிடத் தம் வீட்டார்க்கு அஞ்சினர். பிஸ்கோ ஐயர் கையிலிருந்த கடிகாரத்தை நோக்கிச் சில நிமிஷங்கள் தவணை கொடுத்தார். கழியேந்திய உபாத்தியாயர்களை இரு கம்பவரிசைகளின் பின்னும் நிறுத்தினார். தவணை தேய்ந்து நொடிக்கணக்காக எண்ணப்பட்டது. எண்ணிக்கை முடிந்தவுடன் கழிகள் உயர்ந்து முன்னேறின. அப்பொழுது எவனோ ஒருவன் பந்தை உதைத்தான். உதைத்ததுதான் தாமதம், களம் முழுதும் ஒரே குழப்பமாயிற்று. பாதுகைகள் காற்றிற் பறந்தன, தலைப்பாகைகள் அவிழ்ந்தன, அங்கிகள் காலிற் சிக்கின, பார்ப்போர் கூச்சலிட்டனர்.

அக்குழப்பத்தினிடையே பந்து ஒரு மாணாக்கர் முகத்தில் நேராகத் தாக்கிற்று. தீட்டுற்ற முகத்தைத் தம் கையினாலே துடைத்தலும் தீட்டாதலின், என்செய்வதென்று அறியாமல் அவர் ஓலமிட்டு அழுதார். தோழர் அவரைச் சூழ்ந்துகொண்டு, இனி யாது செய்வது என்று ஐயரை வினவினர். அவர் அருகிலோடும் கால்வாயைக் காட்டி, அங்கே அழைத்துச் சென்று முகத்தைக் கழுவி மீட்டும் கொணரும்படி ஏவினார். அவ்வாறே சென்று கழுவி வந்தனர், ஆட்டம் தொடர்ந்தது. அன்று மாலை வீடு திரும்பியவருட் சிலரை அவர்கள் வீட்டார் சில நாள்வரை உள்ளே சேர்த்துக்கொள்ளவில்லை.

காஷ்மீரத்தின் முதற் கால்பந்தாட்டம் இவ்வண்ணம் நடந்தது. இதனை அவர் பிறகு எத்தனையோ கூட்டங்களில் நகைச்சுவையோடு எடுத்துக் கூறினார், கேட்டோர் நகைத்தனர், நூல்களில் அச்சிட்டனர். நாமும் முதன்முறை படித்தபோது நகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் நம் கலாசாலை மாணாக்கர் ஊதலைப் பற்றிச் சொன்ன சொற்களைக் கேட்டபின் படித்தபோது நகை வரவில்லை. இக்கதை எக்காலத்தும் ஊதலை ஊதியவர் பக்கத்திலிருந்தே சொல்லப்பட்டு வந்திருக்கின்றது. வீட்டுவாயிலில் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை அவ்விரவை எங்கே கழித்தான், அவன் தாய் என் செய்தாள் என்பவை அதில் இடம்பெறவில்லை.

மற்றொரு பக்கமும் உண்டு. தோலைத் தீட்டென்று விலக்கியவன் தோலைப் பதப்படுத்துகின்றவனையும், செருப்புத் தைப்பவனையும் தீட்டென்றே விலக்கினான். பந்தைத் தொடமாட்டேன் என்னும் சொல்லுக்குள் அம்மனிதனைத் தொடமாட்டேன் என்னும் சொல்லும் அடங்கியிருந்தது. நம் ஜில்லாக்களிலும் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. ஆகவே அவ்விலக்கை உடைக்க விரும்பியதை நாம் குறைகூறோம். உடைத்த விதத்தையே கூறுகின்றோம். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் அவ்விலக்கை ஏற்படுத்தியவரல்லர். அதன் பாரத்தை ஒரு மாலைப்பொழுதில் அவர்கள் முதுகின்மேலேயே இறக்கியது நேர்மையாகுமா?

இந்நிகழ்ச்சி இன்று நடந்திருப்பின் சட்டம் குறுக்கே நின்றிருக்கும். 2009-ம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல்தண்டனை அளித்தலையும் மனத்துன்பம் விளைத்தலையும் தடை செய்கின்றது. பந்தாட்டவெளி பள்ளிக்கு அப்பாற்பட்டதென்று சிலர் எண்ணுவதாகத் தெரிகின்றது. வகுப்பில் ஓங்கத் துணியாத கை வெளியில் ஓங்குவதும், அதனைப் பெற்றோரே பயிற்சி என்று மெச்சுவதும் நாம் கண்டவை. இங்கிலாந்திலும் இக்கேள்வி அண்மையில் பெரிதாக எழுந்தது. அந்நாட்டுப் பெருங்கழகங்கள் சிலவற்றில் இளம் ஆட்டக்காரரைப் பயிற்றியவர்மீது கொடுமைக் குற்றச்சாட்டுகள் எழுந்து விசாரணைகள் நடந்தன. பிரிட்டனின் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியைப் பற்றி 2022-ல் வெளியான விசாரணை அறிக்கைக்கு 400-க்கு மேற்பட்டோர் தம் அனுபவங்களை எழுதியனுப்பினர். ஆண்மைப் பயிற்சியை உலகுக்கு ஏற்றுமதி செய்த நாடு அதன் கணக்கைத் திரும்பப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றது.

இனிப் பிஸ்கோ ஐயர் சரித்திரத்துக்குத் திரும்புவோம். அவர் அம்முதல் ஆட்டத்தோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுதுதற்கு ஒன்றுமில்லை. பந்தாட்டம் அவருக்கு முடிவன்று, வாயில். நதியும் ஏரியும் சூழ்ந்த நகரில் நீந்தத் தெரியாமல் ஆண்டுதோறும் பலர் இறப்பதைக் கண்டு, மாணாக்கர் யாவரும் நீந்தக் கற்கவேண்டும் என்று விதித்தார். குறித்த வயதுக்குள் கல்லாதவனுக்குப் பள்ளிச் சம்பளம் உயர்த்தப்படும். ஆண்டு செல்லச்செல்ல இன்னும் உயரும். பிள்ளையின் தேகத்தைப் பற்றிக் கவலைப்படாத தந்தையும் பணப்பையைப் பற்றிக் கவலைப்படுவார் என்பதை அவர் அறிந்திருந்தார். இந்தத் தந்திரத்தில் ஒருவர் உடம்பிலும் அடி விழவில்லை. பயனோ கழியினும் பன்மடங்கு பெரிதாயிற்று. பிற்காலத்தில் அப்பள்ளி மாணாக்கர் தால் ஏரியையும், காற்றெழுந்தால் கடல்போற் கொந்தளிக்கும் உலர் ஏரியையும் நீந்திக் கடந்தனர்.

படகுகள் பல செய்வித்து, பிராமணப் பிள்ளைகளின் கையில் துடுப்பைக் கொடுத்தார். பந்தய நாளில் ஒரு குறி காட்டியவுடன் எல்லாப் படகுகளையும் தாமே கவிழ்த்து, நீரில் மூழ்கியெழுந்து, படகை நிமிர்த்தி நீரிறைத்து மீட்டும் ஏறிச் செலுத்துவது அவர்களுடைய வழக்கமான விளையாட்டாயிற்று. விபத்தை முன்னமே விளையாட்டாகப் பழகியவன் உண்மை விபத்தில் அஞ்சான் அன்றோ? 1893-ம் ஆண்டிலும் 1903-ம் ஆண்டிலும் ஜீலம் நதி பெருகி நகரை விழுங்கியபோது, அப்படகுகளிலேயே உபாத்தியாயரும் மாணாக்கரும் சென்று வீடுகளிற் சிக்கியவர்களை மீட்டனர். ஸ்ரீநகர் வீடுகள் மரத்தாலானவை. தீப்பற்றினால் தெருத்தெருவாக அழியும். தீயெழுந்த செய்தி கேட்டவுடன் பள்ளியை நிறுத்திவிட்டு எல்லாரும் வாளியுடன் ஓடினர். 1892-ல் வாந்திபேதி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, நகரத்தின் அழுக்கே காரணமென்று உணர்ந்து, மாணாக்கரும் உபாத்தியாயரும் மண்வெட்டி எடுத்துத் தெருக்களைத் துப்புரவு செய்தனர். மண்வெட்டியைப் பிடித்த பிராமணன் என்ற பழிச்சொல்லை அவர்கள் தாங்கினர். மருத்துவசாலையிற் பிணி தேறிக் கிடக்கும் ஏழைகளைப் படகிலேற்றி ஏரியில் உலவச் செய்து மீட்டும் கொண்டுவந்து சேர்த்தலும் அப்பள்ளியின் பாடமாகவே இருந்தது. பாரம் தாங்காமல் விழுந்த கழுதைகளையும் அவர்கள் கைவிடவில்லை.

இவற்றிற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. பரீட்சைக்குரிய மதிப்பெண்ணை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கு அறிவுக்கும், ஒரு பங்கு தேகத்துக்கும், ஒரு பங்கு ஒழுக்கத்துக்கும் என்று வைத்தார். தேகப்பங்கிலும், முயல்பவனுக்கே மதிப்பு, வல்லவனாய்ப் பிறந்தவனுக்கு அன்று என்பது அவர் கொள்கை. இம்முறையை நம் கலாசாலைகள் முழுதும் ஏற்காவிடினும் ஒருகால் எண்ணிப் பார்க்கலாம். பள்ளியின் சின்னம் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்ட இரு துடுப்புகள். காஷ்மீரத்துத் துடுப்பின் அலகு இருதய வடிவமுடையது. துடுப்பு வலிமையையும் உழைப்பையும், அலகின் வடிவம் இரக்கத்தையும் குறிக்கும் என்று அவர் விளக்குவார். இரக்கமில்லாத வலிமையைத் தாம் பிராட்பீல்டிற் கண்டிருந்தாரல்லவா?

இவ்வளவு செய்தவர், நாம் கூறும் கொடுமைக்காரரின் கூட்டத்திற் சேர்வாரா? இக்கேள்வியை நாம் பலரோடு வாதித்திருக்கின்றோம். சேரார் என்பார் சொல்வது யாதெனில், அவர் பிறரை ஏவிவிட்டுக் கரையில் நிற்கவில்லை, தாமும் நீரிற் குதித்தார், தாமும் வாளி சுமந்தார், அறுபது வயதிலும் மாணாக்கரோடு மலையேறினார் என்பதே. அதில் உண்மையுண்டு. நிழலில் நாற்காலி போட்டமர்ந்து வெயிலிற் பிள்ளைகளை ஓடவிடுபவருக்கும் அவருக்கும் வெகு தூரம். ஆனால் அவர் பிரம்பையும் அபராதத்தையும் பரிகாசத்தையும் இறுதிவரை விட்டாரில்லை. அழுகின்றவனை நகையாடித் திருத்தலாம் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. பரிகாசம் சிலரைத் திருத்தும். சிலரை உள்ளே நொறுக்கும். நொறுங்கியவர் கணக்குப் புத்தகத்தில் ஏறார், ஏனெனில் அவர்கள் பேசாமல் விலகிவிடுகின்றனர். பின்வந்த சரித்திராசிரியர், இவர் செயல்களை ஆளும் சாதியார் ஆளப்படுவோர்க்கு ஆண்மை கற்பிக்கப் புறப்பட்ட செருக்கின் ஓர் உதாரணமாகக் காட்டுகின்றனர். அதையும் முற்றிலும் மறுக்க வழியில்லை.

நகரத்தாரும் வாளாவிருக்கவில்லை. பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்ட நாட்களுண்டு. சர்க்காருக்கு முறையீடுகள் சென்றன. தாய்ச்சங்கத்தாரோ வேறு காரணத்தால் அதிருப்தியுற்றனர். இத்தனை ஆண்டுப் பிரயாசையில் ஞானஸ்நானம் பெற்றவர் மிகச் சிலரே என்பது அவர்கள் குறை. பள்ளியைத் தாங்கினவர் உண்மையில் காஷ்மீரத்து உபாத்தியாயரே. முதல்நாள் கழியேந்தி நின்ற அவர்கள் பிறகு மாணாக்கரோடு துடுப்பேந்தினர். பறவைகளைப் பற்றி நூலெழுதிய சம்ஸார் சந்த் கௌல் போன்ற அறிஞர் அவ்வுபாத்தியாயர் கூட்டத்தில் இருந்தவர். வெளிநாட்டார் எழுதிய நூல்களில் இவர்கள் ஓரமாகவே வருகின்றனர். இவர்களுக்குத் தனியாகச் சரித்திரம் எழுதவேண்டும்.

கழியின்றிக் கற்பித்தல் கூடுமோ என்று நம் முதிய நண்பர் கேட்டார். பதிலுக்குத் தொலைவு செல்லவேண்டியதில்லை. 1855-ல் பிறந்த உ. வே. சாமிநாதையர் இளமையில் தந்தையோடு அரியலூரில் வசித்தபோது அவருக்குத் தமிழில் வேட்கையுண்டாக்கியவர் அவ்வூர்ச் சடகோபையங்கார். பிறகு குன்னத்திலும் கார்குடியிலும் செங்குணத்திலும் அவர் ஆசிரியரைத் தேடித் தேடிச் சென்று பயின்றார். மாணாக்கனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனை திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய காலம் அது. அதே காலத்தில், அதே பெரம்பலூர், அரியலூர் மண்ணில், ஒரு பிள்ளை அடிக்கு அஞ்சியன்றி ஆசையால் ஊர் ஊராய் நடந்தான். பந்தாட்டத்திலும் சான்றுண்டு. ஹைதராபாத்தில் பள்ளி உபாத்தியாயராயிருந்த சையத் அப்துல் ரஹீம் 1950 முதல் 1963-ல் இறக்கும்வரை இந்தியக் கால்பந்துக் குழுவைப் பயிற்றினார். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கப்பதக்கம் வந்தது அவர் காலத்தில். கண்டிப்பில் அவர் ஒருவர்க்கும் இளைத்தவரல்லர். ஆனால் இடக்கால் வலியற்றவனை அவர் வையவில்லை. வலியற்ற காலால் மாத்திரம் ஆடவேண்டும் என்று விதித்துத் தனிப் போட்டியே நடத்தினார். எல்லாரும் தடுமாறும் ஆட்டத்தில் தடுமாறுவதற்கு எவன் நாணுவான்?

பிஸ்கோ ஐயரின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1912-ல் பெண்களுக்கும் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அது பின்னர் மாலின்ஸன் அம்மையார் பெயரால் வழங்கிற்று. விதவைகளின் மறுமணத்துக்காகவும் அவரும் அவருடைய பழைய மாணாக்கரும் உழைத்தனர். சர்க்கார் கெய்ஸரி ஹிந்துப் பதக்கம் அளித்தது. கழிகொண்டு ஓட்டப்பட்டவரின் புதல்வரும் பேரரும் தாமே பந்தைத் தேடி வந்தனர். ஸ்ரீநகரில் பிறந்த அப்துல் மஜீத் கக்ரூ 1980-களில் இந்தியக் குழுவுக்குத் தலைவராயினார். 2016-ல் தோன்றிய ரியல் காஷ்மீர் கழகம் 2018-ல் ஐ-லீக் போட்டியில் இடம்பெற்று, அப்பள்ளத்தாக்கிலிருந்து அந்நிலையை எட்டிய முதற் கழகமாயிற்று.

ஐம்பத்தாறு ஆண்டு ஒரே நகரில் வாழ்ந்தபின், 1947-ம் ஆண்டின் கலகத்தில் அவரும் அம்மையாரும் காஷ்மீரத்தை விட்டு நீங்கி, ஆப்பிரிக்காவில் தென் ரொடீஷியா சென்றனர். இன்று ஹராரே எனப்படும் ஸாலிஸ்பரி நகரில் 1949-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி, எண்பத்தாறாம் வயதில் அவர் காலஞ்சென்றார். ஸ்ரீநகரில் ஷேக் பாக் என்னுமிடத்தில் அவர் பெயராலேயே பள்ளி நடைபெறுகின்றது. குறுக்கிட்ட துடுப்புகள் அதன் சின்னமாக இருக்கின்றன.

நம் மாணாக்கர் இன்னும் குழுவிற் சேரவில்லை. மாலையில் எல்லைக்கோட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கின்றார். பந்து வெளியே வந்தால் எழுந்து சென்று உதைத்தனுப்புகின்றார். நம் தேகப்பயிற்சி உபாத்தியாயர் சென்ற மாதம் முதல் பழகும் நாட்களில் ஊதலை மேசையறையிலேயே வைத்துவிட்டு, கை தட்டி ஆட்டத்தைத் தொடங்குகின்றார்.